ஆடு இல்லாத மேஜை

எங்கள் அலுவலகத்தில் யாராவது பொய் சொன்னால் அவருடைய நாற்காலிக்குப் பின்னால் ஒரு வெள்ளாடு வந்து நிற்கும். சின்னப் பொய் என்றால் குட்டி. பெரிய பொய் என்றால் கொம்பு வைத்த கிடா. "பக்கத்துலதான் சார் இருக்கேன், இந்தா வந்துட்டேன்" என்று செல்போனில் சொல்வதற்கு வருகிற குட்டி ஒரு முயல் அளவுதான் இருக்கும். "ரெண்டு வருஷத்துல இந்தப் பக்கம் ஏர்போர்ட் வந்துரும்" என்பதற்கு வருகிற கிடாவை மாடிப்படியில் இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். வீட்டுமனை விற்கிறோம். என் பெயர் சுடலைமணி. வாசலிலிருந்து இரண்டாவது மேஜை என்னுடையது. தினமும் காலையில் ஓர் ஆட்டோ வேப்பங்குழையும் அகத்திக்கீரையும் கொண்டுவந்து இறக்கும். கட்டட உரிமையாளர் நல்ல மனிதர். லிஃப்டில் ஆடுகளை ஏற்ற வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார்.

மனை வாங்குகிறவருக்கு, அந்த மனைக்காகச் சொன்ன பொய்யில் வந்த ஆட்டை இலவசமாகக் கொடுத்துவிடுவோம். பதிவு முடிந்ததும் ஒரு கையில் பத்திரம், மறு கையில் கயிறு. மக்களுக்கு இது மிகவும் பிடித்திருந்தது. விவரமானவர்கள், "ஸ்கூல் வருமா? ஆஸ்பத்திரி வருமா? கலெக்டர் ஆபீசே இங்க மாறப்போகுதுன்னு சொல்லுதாங்களே?" என்று கேட்டுக் கேட்டு ஆட்டைப் பெரிதாக்கிக்கொள்வார்கள். பால் காய்ச்சிய மறுநாள் கறிச்சாப்பாட்டுக்கு அது ஆகும். யாருக்கும் போகாமல் மிஞ்சுகிற ஆடுகள் அவரவர் வீட்டுக்குப் போகும். என் மனைவி பேச்சியம்மாள் மொட்டைமாடியில் கீற்று வேய்ந்து என் ஆடுகளை வளர்த்துவந்தாள். சாயந்திரம் நான் தனியாக வந்தால், இன்றைக்கு ஆபீஸ் லீவா என்று கேட்பாள்.

எங்கள் மேனேஜர் ஞானசிகாமணி சாருக்குத்தான் மந்தை பெரியது. அவர் கிறிஸ்தவ சபை நிர்வாகத்தைப் பார்க்கிற சேகரக் கமிட்டியில் உறுப்பினர். ஞாயிற்றுக்கிழமை வெள்ளை முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு ஆராதனைக்குப் போவார். ஆடுகள் வெளியே வேப்பமரத்தடியில் காத்திருக்கும். அவற்றை யாரும் தடுத்ததில்லை. அவையாகவே கோயிலுக்குள் போவதில்லை. வருஷா வருஷம் சபையார் எல்லோருக்கும் விருந்து போடுகிற அசனப் பண்டிகைக்குக் கிடாக்கள் கொடுப்பது அவர்தான். அதற்காக அவருக்குச் சால்வை போடுவார்கள்.

திங்கட்கிழமை காலையில் எல்லோரும் வரிசையாக நின்று உறுதிமொழி சொல்வோம். சென்னைத் தலைமை அலுவலகம் எழுதி அனுப்பிய வாசகம் அது. "திங்கட்கிழமை வந்ததில் எனக்கு மிகவும் மகிழ்ச்சி. இந்த நிறுவனமே எனக்கு எல்லாம்." சொல்லி முடித்ததும் எங்களுக்குப் பின்னால் ஒரு வரிசைக் குட்டிகள் நிற்கும். கைதட்டுவோம். கைதட்டுகிற சத்தம் குட்டிகளுக்குப் பிடிக்காது, கத்தும். அதன் பிறகு வேலை ஆரம்பமாகும்.

ஹெப்சிபா வேலைக்குச் சேர்ந்தது அப்படி ஒரு திங்கட்கிழமையில். சாயர்புரத்துப் பக்கத்துப் பெண். அப்பா இல்லை. அம்மா தையல் வேலை செய்கிறவர். தம்பி பாலிடெக்னிக்கில் படித்துக்கொண்டிருந்தான். பாளையங்கோட்டையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கியிருந்தாள். வரிசையில் எனக்குப் பக்கத்தில் நின்றாள். எல்லோரும் உறுதிமொழி சொன்னபோது வாயை மூடிக்கொண்டாள். முடிந்ததும் எங்களோடு சேர்ந்து கைதட்டினாள். அவளுக்குப் பின்னால் எதுவும் நிற்கவில்லை. தரை தெரிந்தது. எங்கள் அலுவலகத்துத் தரை மொசைக் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துவிட்டுக் கண்களை மூடித் தலை குனிந்தாள். ஆடுகளுக்கு அந்த வழக்கம் புதிது. அவள் கண் திறந்தபோது பாக்ஸில் கறிவேப்பிலைகூட மிச்சமில்லை. நான் என்னுடைய தயிர்சாதத்தில் பாதியைக் கொடுத்தேன். மறுநாள் மூடிமேல் கையை அழுத்தி வைத்துக்கொண்டு ஜெபித்தாள். ஓர் ஆடு கையை நக்கியது. மூன்றாவது நாளிலிருந்து கண்களைத் திறந்தே ஜெபித்தாள். அப்படிச் செய்யலாமா என்று போதகரிடம் கேட்டிருக்கிறாள். ஆடு இருக்கிற இடத்தில் செய்யலாம் என்று அவர் சொன்னாராம்.

அப்போது நாங்கள் வெள்ளிமணி அவென்யூ என்ற இடத்தை விற்றுக்கொண்டிருந்தோம். அவென்யூ ஆவதற்கு முன்னால் அது ஆவுடையான் குளமாக இருந்தது. அவளுக்கு வந்த முதல் போனில் ஒருவர் அங்கே மழைக்குத் தண்ணீர் நிற்குமா என்று கேட்டார். நாங்கள் எல்லோரும் அந்தக் கேள்விக்கு நல்ல கிடாவாக வாங்கியிருக்கிறோம். அவள் சொன்னாள்: "நிக்கும் சார். ஐப்பசி, கார்த்திகையில இடுப்பளவு நிக்கும்னு பக்கத்து ஊர்க்காரங்க சொல்லுதாங்க. ரோட்டோரமா ஒரு வரிசை மட்டும் மேடு. அங்க நிக்காது. ஆனா அங்க பஸ் வராது."

பிறகு அவர், ஆடு உண்டா என்று கேட்டார். இல்லை என்றாள். அவர் போனை வைத்துவிட்டு எனக்குப் போன் செய்தார். அவருக்கு நான் ஒரு கருப்புக் கிடா கொடுத்தேன்.

இப்படியே போயிற்று. அவளுடைய மேஜையில் யாரும் உட்காரவில்லை. அந்தப் பிள்ளையிடம் வாங்கினால் ஆடு கிடைக்காது என்று ஊருக்குள் பேச்சாகிவிட்டது. ஒரு குடும்பம் அவள் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டு, அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு, என் மேஜைக்கு வந்து அதே கேள்விகளை மறுபடியும் கேட்டது.

மேனேஜர் அவளை அறைக்குக் கூப்பிட்டார். கதவு சாத்த முடியாது, ஆடுகள் வந்து போய்க்கொண்டிருக்கும். அதனால் எல்லாம் எனக்குக் கேட்டது. அவர் கோபப்படவில்லை. தானும் சபைக்காரன்தான் என்றும், வேலைக்குச் சேர்வதற்கு முன்பிருந்தே ஞாயிற்றுக்கிழமை பாடகர் குழுவில் அவள் பாடுவதைப் பார்த்திருப்பதாகவும் சொன்னார். ஆனால் கோயில் கோயில்தான், ஆபீஸ் ஆபீஸ்தான் என்றார். அவள் ஒன்றும் பெரிதாகச் செய்ய வேண்டாம். கிடா வேண்டாம். ஒரே ஒரு குட்டி. நாற்காலிக்குப் பின்னால் ஒரு குட்டி நின்றால் போதும், மற்றதை அவர் பார்த்துக்கொள்வார். சென்னையிலிருந்து மண்டல இயக்குநர் வரப்போகிறார். வெறும் தரையைப் பார்த்தால் இந்தப் பெண் வேலையே செய்யவில்லை என்றுதான் அவர் நினைப்பார்.

"முயற்சி பண்ணுதேன் சார்னு சொன்னா அதுவே பொய்யாயிரும் சார்," என்றாள் ஹெப்சிபா.

மேனேஜர் அதை ஒப்புக்கொண்டார்.

நாங்கள் எல்லோரும் அவளுக்கு உதவினோம். எங்களுக்கு அவள்மேல் பிரியம்தான். ஆனால் வரிசையில் அவளுக்குப் பின்னால் மட்டும் தரை தெரிவது சங்கடமாக இருந்தது. ஓர் இடத்தில் தெரிந்தால் கண் அங்கேயே போகிறது. அதனால் டீ நேரத்தில் ஆளுக்கு ஒரு சின்னப் பொய் சொல்லிக் கொடுத்தோம். நான் தீபாவளிக்கு எடுத்த ஆரஞ்சுச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, எப்படி இருக்கிறது என்று கேட்டேன். நல்லா இருக்குன்னு மட்டும் சொன்னா போதும் என்றேன். அவள் சட்டையை மேலும் கீழும் ரொம்ப நேரம் பார்த்தாள்.

"பட்டன் எல்லாம் ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி," என்றாள்.

எல்லோரும் அவள் நாற்காலிக்குப் பின்னால் எட்டிப் பார்த்தோம். ஒன்றும் வரவில்லை. பட்டன்கள் நன்றாகத்தான் இருந்தன.

என்னிடம் வெள்ளைக் காதுள்ள ஒரு பழுப்புக் குட்டி இருந்தது. சாதுவானது. இயக்குநர் வந்து போகும்வரை இதை உன் பின்னால் நிறுத்திக்கொள் என்று அவளிடம் சொன்னேன். அவள் குட்டியைத் தடவிக் கொடுத்தாள். பிறகு, அது உங்களுடைய குட்டி அண்ணாச்சி, என் பின்னால் நின்றால் அதுவே ஒரு பொய்தானே, அப்புறம் இன்னொன்று வந்துவிடும் என்றாள். அது சரியான பேச்சாகத்தான் பட்டது. இருந்தாலும் அவள் சாப்பிடப் போன நேரத்தில் நான் குட்டியைக் கொண்டுபோய் அவள் நாற்காலியில் கட்டினேன். கட்டி முடித்துத் திரும்பினால் என் பின்னால் ஒரு புதுக் குட்டி நின்றுகொண்டிருந்தது. இரண்டையும் வீட்டுக்கு ஓட்டிப் போனேன். பேச்சியம்மாளுக்குச் சந்தோஷம்.

ஒருநாள் கீழே பேக்கரியில் அவள் தனியாக உட்கார்ந்து டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது. நான் எதிரில் போய் உட்கார்ந்தேன். அம்மாவிடம் போனில் பேசினாளாம். வேதத்தில் சிங்கக் குகையில் போடப்பட்டவரையே ஆண்டவர் காப்பாற்றினார், உனக்கு வெறும் ஆடுதானே என்றாராம் அம்மா. அவளுக்கு அது ஆறுதலாக இல்லை. சிங்கம் என்றால் ஒரே ராத்திரியில் முடிந்துவிடும், இது தினமும் சாயந்திரம் வரைக்கும் இருக்கிறது என்றாள்.

"ஒரு குட்டிதானம்மா," என்றேன். "அதுக்குப் போய் உங்க சாமி கோவிச்சுக்குவாரா?"

"கோவிக்க மாட்டாரு அண்ணாச்சி," என்றாள். "அதான் கஷ்டமா இருக்கு. கோவிச்சுக்குவாருன்னா பயந்துக்கிட்டு செய்யாம இருந்துரலாம்."

இரண்டு வெண்ணெய் பிஸ்கட் வாங்கிக் கொடுத்தேன். ஒன்றைத் தின்றாள். தான் தைரியசாலி எல்லாம் இல்லை என்றும், ஒவ்வொரு நாளும் போன் அடிக்கும்போது எடுக்கவே பயமாக இருக்கிறது என்றும், இந்த வேலை போனால் வேறு வேலை தேட அவளுக்குத் தெம்பில்லை என்றும் சொன்னாள். எதிர் மேஜைக்காரர் யாரிடமோ போனில் தான் தூத்துக்குடியில் இருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அது பேக்கரி என்பதால் ஆடு எதுவும் வரவில்லை.

அந்த வாரத்தில் முத்துலெட்சுமி அக்கா வந்தார். தச்சநல்லூரில் தோசைமாவு அரைத்து விற்கிறவர். நேராக ஹெப்சிபாவின் மேஜைக்குப் போனார். அவர் வாடகைக்கு இருக்கிற வீட்டில் கிரைண்டர் வைத்தது போகப் படுக்க மட்டும்தான் இடம் இருக்கிறது, தயவுசெய்து ஆடு கொடுத்துவிடாதீர்கள் என்றார். ஆடு இல்லாமல் ஒரு மனை கிடைக்குமா என்று ஊரெல்லாம் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறார்.

இருவரும் டவுன் பஸ்ஸில் போய் இடத்தைப் பார்த்தார்கள். ஹெப்சிபா செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, எங்கெங்கே தண்ணீர் நிற்கும் என்று நடந்து காட்டியிருக்கிறாள். ரோட்டோர மேட்டு வரிசையில் ஒரு மனையைக் காட்டி, இங்கே தண்ணீர் நிற்காது, ஆனால் பஸ்ஸுக்கு ரொம்ப தூரம் நடக்கணும், கரண்ட் அடிக்கடி போகும், பக்கத்தில் கோழிப் பண்ணை, காற்றடித்தால் வாடை வரும் என்றிருக்கிறாள். மாவு வாடையோடு இருபது வருஷம் இருந்தாயிற்று, கோழி வாடை ஒன்றும் செய்யாது என்றார் முத்துலெட்சுமி அக்கா. அந்த மனையையே வாங்கினார்.

பதிவு முடிந்து அவர் ஒரு கையை வீசிக்கொண்டு போனதைப் பலர் பார்த்தார்கள். சென்னைக்குச் செய்தி போய்விட்டது. ஆடு இல்லாமல் விற்ற மனையை விற்றதாக எடுத்துக்கொள்ள முடியாது என்று அங்கே நினைத்தார்கள். மண்டல இயக்குநர் கருணாமூர்த்தி அடுத்த திங்கட்கிழமையே வந்து இறங்கினார். அவருடைய கிடாக்களில் ஒன்று மட்டும் கூட வந்திருந்தது. காரில் முன்சீட்டில் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது. டிரைவர் இறங்கி முதலில் அதற்குத்தான் கதவைத் திறந்துவிட்டார்.

எல்லோரும் வரிசையில் நின்றோம். இயக்குநர் எதிரில் நின்றார். உறுதிமொழி சொன்னோம். நானும் சொன்னேன். குட்டிகள் வந்தன. ஹெப்சிபா சொல்லவில்லை. இயக்குநர் எங்கள் பின்பக்கமாக நடந்து போய் அவள் நின்ற இடத்துக்குப் பின்னால் நின்று தரையைப் பார்த்தார். ஷூவால் ஒருமுறை தேய்த்தும் பார்த்தார்.

"சின்ன விஷயம்மா," என்றார். அவர் குரலில் கடுமையில்லை. "எல்லாரும் சொல்றாங்க. நானும் சொல்றேன். நீயும் ஒரு தடவை சொல்லிடு. நான் ஊருக்குக் கிளம்பிடறேன்."

ஹெப்சிபா துப்பட்டா நுனியைச் சுருட்டிப் பிடித்திருந்தாள்.

"சார், இந்த வேலை எனக்கு வேணும்," என்றாள். "இவங்க எல்லாரையும் எனக்குப் பிடிக்கும். ஒழுங்கா வேலை பாப்பேன். ஆனா இந்தக் கம்பெனியே எனக்கு எல்லாம்னு சொல்ல முடியாது சார். அந்த எடத்துல வேற ஒருத்தர் இருக்காரு."

எல்லோரும் அவள் பின்னால் பார்த்தோம். எதுவும் வரவில்லை. ஆகவே அவள் சொன்னது உண்மைதான். எங்களைப் பிடிக்கும் என்று சொன்னதும் உண்மைதான் என்பது எனக்கு அப்போது உறைத்தது. நான் என் குட்டியைக் காலால் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளினேன்.

இயக்குநர் மேனேஜர் பக்கம் திரும்பினார். இந்தப் பெண்ணை முன்பே தெரியுமா, இவள் போகிற கோயிலுக்குத்தானே நீங்களும் போகிறீர்கள் என்று கேட்டார்.

"இல்ல சார். வேலைக்கு வந்த பிறகுதான் தெரியும்," என்றார் ஞானசிகாமணி சார்.

அவருக்குப் பின்னால் ஒரு கிடா வந்து நின்றது.

ஆனால் நீங்களும் இவளை மாதிரி ஆள்தானே என்று இயக்குநர் கேட்டார். அவர் குற்றம் சாட்டவில்லை, தெரிந்துகொள்ளக் கேட்டார்.

"கல்யாணம், துக்கம்னா கோயில் பக்கம் போவேன் சார். அவ்வளவுதான். மத்தபடி எனக்கும் அதுக்கும் சம்பந்தம் கிடையாது."

இன்னொரு கிடா வந்தது. முதலில் வந்ததைவிடப் பெரியது. இடம் பற்றாமல் முன்னது நகர்ந்து கொடுத்தது.

"அப்போ இந்தப் பொண்ணு சொல்ற அந்த வேற ஒருத்தர், அவரை உங்களுக்குத் தெரியாது?"

"தெரியாது சார்."

மூன்றாவதாக ஆடு வரவில்லை. ஒரு சேவல் வந்து நின்றது. செஞ்சேவல். நல்ல கொண்டை. அது ஒருமுறை கழுத்தைச் சொடுக்கிவிட்டு, ஞானசிகாமணி சாரை அண்ணாந்து பார்த்துக் கூவியது. அப்போது காலை பதினொரு மணி இருக்கும்.

எங்கள் அலுவலகத்தில் அதற்கு முன் சேவல் வந்ததில்லை. ஆடுகள் எல்லாம் அசைபோடுவதை நிறுத்தின. ஞானசிகாமணி சார் சேவலைப் பார்த்தார். பிறகு ஹெப்சிபாவைப் பார்த்தார். அவள் மொசைக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் வெளியே போனார். கழிவறைக் கதவு சாத்துகிற சத்தமும், குழாயை முழுவதுமாகத் திறந்துவிடுகிற சத்தமும் கேட்டன. குழாய்ச் சத்தத்துக்குள் இன்னொரு சத்தமும் கேட்டது. பெரிய மனிதர் அழுகிறபோது நாம் கேட்கிற மாதிரி நிற்கக் கூடாது என்பதால் எல்லோரும் ஆடுகளுக்குக் குழை போட ஆரம்பித்தோம்.

"சேவல் எதுல வரும்?" என்று இயக்குநர் கேட்டார். ஆட்டுக்கு விதி இருக்கிறது, அளவு இருக்கிறது. சேவலுக்கு எதுவும் இல்லை. எங்களுக்குத் தெரியவில்லை. அவர் சென்னைக்குப் போன் போட்டார். அங்கேயும் தெரியவில்லை. வேதத்தில் ஆண்டவரைத் தெரியாது என்று மூன்று முறை சொன்ன சீடருக்குக் கூவியது சேவல்தான் என்று ஹெப்சிபா எனக்குப் பிறகுதான் சொன்னாள்.

ஞானசிகாமணி சார் முகம் கழுவிக்கொண்டு வந்தார். சட்டைக் காலர் எல்லாம் நனைந்திருந்தது. தன் அறைக்குப் போகவில்லை. வரிசையில் வந்து ஹெப்சிபாவுக்குப் பக்கத்தில் நின்றார்.

"சார், இந்தப் பிள்ளை சொன்னதுதான் எனக்கும்," என்றார். "எனக்கு அவரைத் தெரியும். ரொம்ப நாளாத் தெரியும்."

அவருக்குப் பின்னால் புதிதாக ஒன்றும் வரவில்லை.

இயக்குநர் போனைப் பையில் வைத்தார். சேவல் விஷயத்தில் தலைமை அலுவலகம் ஒரு முடிவு எடுக்கிற வரைக்கும் மற்ற விஷயங்களிலும் முடிவு எடுக்க முடியாது என்றார். அதுவரை முத்துலெட்சுமி அக்காவின் மனை விற்றதாகவே இருக்கட்டும். மேனேஜர் மேனேஜராகவே இருக்கட்டும். ஹெப்சிபா மட்டும் ஊருக்குள் இருக்க வேண்டாம், வெள்ளிமணி அவென்யூவில் ஒரு தகரக் கொட்டகை இருக்கிறது, அங்கே உட்காரட்டும். இதைச் சொல்லிவிட்டு அவர் கிளம்பினார். டிரைவர் கிடாவுக்கு பெல்ட் போட்டுவிட்டார்.

முடிவு இன்னும் வரவில்லை. சேவல் ஞானசிகாமணி சாரின் கம்ப்யூட்டர் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. போன் அடித்து அவர் வாயைத் திறந்தால் அதுவும் கழுத்தை நீட்டும். அவர் அதைப் பார்ப்பார். பிறகு, "தண்ணி நிக்கும் சார்" என்பார். அவருடைய மந்தை அதற்கு மேல் வளரவில்லை. அந்த வருஷம் அசனத்துக்குக் கறி போதவில்லை, பருப்பும் கத்தரிக்காயும் கூடப் போட்டார்கள். ஹெப்சிபா கொட்டகையிலிருந்து ரொம்ப தூரம் நடந்து பஸ் பிடித்து வந்து சாப்பிட்டாளாம். போன வருஷத்துக் கறிதான் ருசி என்று அவரிடமே சொல்லியிருக்கிறாள்.

எனக்கு அவள் இல்லாத மேஜையைப் பார்க்க என்னவோ போல இருந்தது. ஒருநாள் என் மைத்துனன் மனை கேட்டு வந்தபோது, கால் நனையும் மாப்ளே என்று சொல்லிவிட்டேன். ஆடு வரவில்லை. மைத்துனன் எழுந்து அடுத்த மேஜைக்குப் போய் ஒரு நல்ல கிடாவோடு திரும்பினான். அன்றைக்குச் சாயந்திரம் நான் தனியாக வீட்டுக்குப் போனேன். பேச்சியம்மாள் கேட்பதற்கு முன்பே நடந்ததைச் சொன்னேன். தம்பியிடமா சொன்னீங்க என்று கேட்டாள். ஆமாம் என்றேன். காப்பியில் சர்க்கரை போதுமா என்று கேட்டாள். போதும் என்றேன். போதவில்லை. ஆனால் அது வீடு.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிமணி அவென்யூவில் இடுப்பளவு தண்ணீர் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிறு மத்தியானம் குடையும் ஒரு பை வடையும் எடுத்துக்கொண்டு அவளைப் பார்க்கப் போனேன். மேட்டு வரிசையில் முத்துலெட்சுமி அக்காவின் வீட்டில் கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. மற்ற மனைகள் எல்லாம் மிதந்துகொண்டிருந்தன. எல்லைக்கல் நான்கும் அப்படியே இருக்க, ஒவ்வொரு மனையும் மெத்தை மாதிரி தண்ணீரின் மேலே எழும்பி, வாய்க்கால் வழியாக ஆற்றுப் பக்கம் மெல்லப் போய்க்கொண்டிருந்தது. சொந்தக்காரர்கள் கரையில் கயிறோடு நின்றார்கள். கயிறு எல்லோரிடமும் இருந்தது.

ஹெப்சிபா கொட்டகைக்கு முன்னால் ஒரு ஸ்டூலில் ஏறி நின்று, யாருடைய மனை எந்தப் பக்கம் போயிருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். "உங்க மனை இப்பத்தான் அண்ணாச்சி போச்சு. கைலாசபுரம் படித்துறையில போய் நின்னா பிடிச்சிரலாம். உங்களுது முந்தாநேத்தே கடலுக்குப் போயிட்டு சார், இனி கெடைக்காது." கேட்டவர்கள் நன்றி சொல்லிவிட்டு சைக்கிளிலும் பைக்கிலும் போனார்கள். கோபப்பட்டவர்களும் இருந்தார்கள். அவர்களும் அவளிடமே வந்து கேட்டார்கள். என் மைத்துனன் மனை மட்டும் ஓர் ஆலமரத்தில் தட்டி நின்றது. நானும் அவளும் இறங்கி அதை மரத்தோடு கட்டினோம். தண்ணீர் சில்லென்று இருந்தது. அவள் பல் கிட்டிக்கச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

கரையேறி வடையைப் பிரித்தபோது, மேற்கே இருந்து ஒரு மனை வந்தது. அது எங்களுடையது இல்லை. அதன் மேல் முழு வீடே இருந்தது. பெயிண்ட் புதிது. கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்பில் குக்கர் இருந்திருக்க வேண்டும், விசில் கேட்டது. வாசலில் ஒருவர் நீளமான மூங்கிலை ஊன்றிக்கொண்டு நின்றார். அவர் மனைவி படியில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது எந்த ஊரும்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஆவுடையான் குளம்," என்றாள் ஹெப்சிபா.

"நாங்க அம்பாசமுத்திரம். ஸ்ரீவைகுண்டத்துக்கு மாறிட்டு இருக்கோம். மகளுக்கு அங்கதான் வேலை."

வாய்க்காலிலேயே நேராகப் போங்கள், ஆற்றில் சேர்ந்ததும் இடது கரையை ஒட்டியே போங்கள், பெரிய பாலம் வந்தால் மாடித் தண்ணீர்த் தொட்டி இடிக்கும், கொஞ்சம் குனிந்து போகணும் என்றாள் ஹெப்சிபா. அவர் மாடியை அண்ணாந்து பார்த்துவிட்டுச் சரி என்றார். நான் இரண்டு வடைகளை எட்டிக் கொடுத்தேன். அவர் மூங்கிலை ஊன்றித் தள்ளினார். வீடு மெதுவாகத் திரும்பியது. குக்கர் மூன்றாவது விசில் அடித்தது. அந்த அம்மாள் உள்ளே எழுந்து போய் அடுப்பை அணைத்தார்.